வாடைக்கும் கரடிக்கும் சொந்தக்காரி

மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை ஆறிப் பழசாகும்போது ஒரு புளித்த வாடை எழும். நாரணாபுரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். அதற்கப்புறந்தான் வீடுகளும் ஆட்களும், வாசலெல்லாம் வெயிலுக்குப் பரப்பிக் கிடக்கும் பட்டாசுக் குழாய்களும் கண்ணில் படும். எங்கள் பக்கத்தில் "வாடை" என்றால் நாற்றம், வேறு பொருள் கிடையாது. மீன் வாடை, மருந்து வாடை, பசை வாடை. அதனால் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் வாடைக்காற்று என்று ஓர் இடம் வந்தபோது வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வட திசையிலிருந்து வருகிற குளிர்காற்று என்பதால் அதற்கு வாடை என்று பெயர் என்று தமிழ் ஐயா சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சிரிக்காமல் இருந்தவள் தமிழ்ச்செல்வி ஒருத்திதான்.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம் சமூக அறிவியல் டீச்சர் வகுப்புக்குள் வந்ததும் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய், "யாரு மேல இந்த வாடை?" என்று கேட்டார். அவரே வரிசை வரிசையாகப் பார்த்து, என் பக்கத்தில் இருந்த செல்வியிடம் வந்து நின்று, "நீதானா? கடைசி பெஞ்சுக்குப் போ, ஜன்னல் ஓரமா" என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் கூடப் போகவில்லை. போயிருக்கலாம், பெஞ்சில் இடம் இருந்தது.

செல்வி வீடும் எங்கள் வீடும் ஒரே தெருவில். என் அம்மா சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவள் அம்மா மாரியம்மாளுக்கு வீட்டிலிருந்தே பட்டாசுக்குக் குழாய் சுற்றும் வேலை, அப்பாவுக்குக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. திருத்தங்கலில் இருந்த பள்ளிக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். திரும்பியதும் எனக்குக் காப்பியும் முறுக்கும் இருக்கும். அவளுக்குக் கம்பியும் பசைக் கிண்ணமும் இருக்கும். வெட்டிய தாளைக் கம்பியில் இறுக்கிச் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, உருளைக் கட்டையால் ஓர் உருட்டு உருட்டிக் கம்பியை உருவினால் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் நிற்கும். அந்தப் பசையின் துத்தத்தால் அவளுடைய நகக்கண்களில் எப்போதும் ஒரு வெளிர்நீலம் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

குழாய்க்கு வரும் காகிதம் புதுக் காகிதமல்ல. சிவகாசி அச்சகங்களில் நிறம் பிசகியும் எழுத்து இரட்டித்தும் கழிந்துபோன தாள்கள் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொன்றும் பாய் அகலத்தில் விரியும், ஒரு புறத்தில் எட்டுப் பக்கங்கள் இருக்கும், அதில் பாதி தலைகீழாக நிற்கும். செல்வி அவற்றை வெட்டுவதற்கு முன்னால் தாளைச் சுற்றிச் சுற்றி நடந்து வாசிப்பாள். "வாசிச்சிக்கிட்டே சுத்துனா குழாய் கோணும், கோணுனா கம்பெனியில கழிச்சிருவாக" என்று மாரியம்மாள் அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார், ஆனால் தாளைப் பிடுங்கமாட்டார். மறுநாள் பஸ்ஸில் எனக்கு முந்தின மாலை வாசித்ததெல்லாம் கிடைக்கும். எதற்கும் முடிவு இருக்காது. அடுத்த பக்கம் வேறு தாளில், வேறு யார் வீட்டிலோ குழாயாகியிருக்கும். திமிங்கிலம் எப்படித் தூங்கும் என்று ஆரம்பித்தது எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாசி மாதத்தில் ஒரு நாள், பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாகக் கேட்டாள். "ஏ எஸ்தரு, ஆர்க்டிக்னா என்னன்னு சொல்லு பாப்போம்."

"குளிரு. வட துருவம். பனி."

"அதில்ல. கரடி."

நான் சிரித்தேன். அவள் விடவில்லை. கழிவுத் தாள்களுக்கிடையே சிறுவர்களுக்கான பொது அறிவுப் புத்தகம் ஒன்றின் தாள் வந்திருந்ததாம், அதில் போட்டிருந்ததாம். கிரேக்க மொழியில் கரடிக்கு ஆர்க்டோஸ் என்று பெயர். "கல்யாணத்துல அருந்ததி பாக்கச் சொல்லுவாகள்ல, அந்த ஏழு நட்சத்திரக் கூட்டந்தான் புள்ள. நமக்கு அது ஏழு ரிஷி, அவுகளுக்குக் கரடி. அந்தக் கரடிக்குக் கீழ கெடக்குற சீமைங்கிறதால ஆர்க்டிக்கு. அங்கன வெள்ளைக் கரடி இருக்கு, அது வேற. அதுக்காக வச்ச பேரு இல்ல. தெக்க இருக்கிறது அண்டார்க்டிக்கு. கரடிக்கு எதிர்த்தாப்புலன்னு அர்த்தம்."

பிறகு, யாருக்கோ சொல்வதுபோல, "நம்ம வாடையும் அப்படித்தான?" என்றாள். "ஐயா சொன்னாகள்ல, வடக்கேயிருந்து வாரதுனால வாடைன்னு. அவுக வானத்தப் பாத்துப் பேரு வச்சாக, நம்மாளுக தெசையப் பாத்துப் பேரு வச்சாக. ரெண்டு பேருமே குளிருக்குப் பேரு வைக்கல பாரு. அது எங்கிருந்து வருதுங்கிறதுக்குத்தான் வச்சிருக்காக. அந்தக் காத்து நாத்தத்தையும் சேத்துத் தூக்கியாந்திருக்கும், அதான் நாம நாத்தத்தையே வாடைங்கிறோம்."

பதினான்கு வயதுப் பெண், பசை காய்ந்த கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாசி வெயிலில் இதைச் சொன்னாள். பிற்பாடு நான் தமிழ் படித்தேன், அகராதிகளும் சொற்பிறப்பு நூல்களும் வாசித்தேன், பெரிய மனிதர்கள் பேசக் கேட்டேன். அப்படி ஒரு பேச்சை என் காதுபடக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த வாரமே கட்டுரைப் போட்டி வந்தது. தலைப்பு, வட துருவம். பள்ளியில் முதலாவதாக வருபவர் விருதுநகரில் நடக்கும் மாவட்டப் போட்டியில் அதையே பேச்சாகப் பேச வேண்டும். எனக்கு அது பத்தோடு பதினொன்றான ஒரு போட்டி. செல்விக்கு அப்படியல்ல. முழுப்பரீட்சை முடிந்ததும் அவளைக் கம்பெனி வேலைக்கு அனுப்புவதென்று அவள் அப்பா முடிவு செய்திருந்தார். மாரியம்மாள் அத்தை பல நாள் மன்றாடி ஒரு வார்த்தை வாங்கியிருந்தார்: மாவட்டத்தில் பேர் எடுத்தால் பத்தாங்கிளாஸ் படிக்கட்டும். "பேரு எடுத்துட்டு வா, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று அவர் மகளிடம் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

எல்லோரும் பள்ளி ஹாலில் உட்கார்ந்து, புத்தகம் இல்லாமல் எழுதினோம். நான் பாடப்புத்தகத்தில் இருந்ததை அழகான கையெழுத்தில் எழுதினேன். செல்வி கரடியையும் வாடையையும் எழுதினாள். மூன்றாம் நாள் அதே சமூக அறிவியல் டீச்சர் விடைத்தாள்களோடு வகுப்புக்கு வந்து செல்வியை எழுப்பி நிறுத்தினார்.

"இது யாரு எழுதிக் குடுத்தது?"

"நாந்தான் டீச்சர் எழுதுனேன்."

"கிரேக்கம், கரடி, நட்சத்திரம். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? உங்க வீட்டுல புத்தகம் ஏது?"

"புத்தகம் இல்ல டீச்சர். குழாய் சுத்துற பேப்பர்ல இருந்துச்சு."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். "குழாய் பேப்பர்ல. சரி, அந்தப் பேப்பரக் கொண்டா, பாக்கலாம். இல்லன்னா பிட்டு வச்சு எழுதுனேன்னு எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டு, என் பெயரை முதலாவதாக வாசித்தார்.

கேள்வியைக் கவனியுங்கள். எங்கே படித்தாய் என்று அவர் கேட்கவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பட்டாசுத் தெருவில் பிறந்தவளுக்கு ஒன்று தெரிந்திருந்தால் அது திருடியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருக்குப் படிக்காமலே தெரிந்த பாடம். அதை நான் அப்போது இப்படிச் சொல்லத் தெரியாதவளாக இருந்தேன், அவ்வளவுதான்.

அந்தத் தாள் எப்போதோ குழாயாகியிருந்தது. சாயங்காலம் நாங்கள் போனபோது இரண்டு வாரத்துக் குழாய்கள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தன. மறுநாள் கம்பெனி வேன் வந்து எடுத்துப் போய்விடும். செல்வி அம்பாரத்தின் முன் குந்தி, ஒவ்வொரு குழாயாக எடுத்து அதன் வாயில் தெரிந்த எழுத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். மாரியம்மாள் அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், ஏனென்றால் பிரித்த குழாய் மறுபடி குழாயாகாது.

"என்னத்தப் போட்டிருந்துச்சு அந்தத் தாள்ல? படம் உண்டா?" என்றார்.

"நீலக் கலருல ஒரு கரடிப் படம்மா. கலரு தள்ளி விழுந்திருக்கும்."

"அப்ப வாயப் பாத்தாத் தெரியாது. நனைச்சுத்தான் பிரிக்கணும்."

அவரே அண்டாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குழாய்களை அள்ளிப் போட்டு, பசை இளகியதும் மூன்று பேரும் பிரித்தோம். சோப்பு விளம்பரம், காலண்டர்த் தாள், யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, கணக்குப் பாடம் என்று என்னென்னவோ வந்தது. தெருவில் போன ஒருவர், "என்ன மாரி, சுத்துனதப் போயி அவுத்துக்கிட்டு இருக்கீக?" என்று கேட்டார். "எம்மகளத் திருடின்னு சொல்லியிருக்காக அண்ணே. அவ திருடலங்கிறது இதுக்குள்ளதான் இருக்கு" என்றார் அத்தை, தலையை நிமிர்த்தாமல். இரண்டு வார வேலை அண்டாவில் கூழாகிக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் கரடியின் பின்னங்கால் ஒன்று கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு தேடியதில் மற்ற துண்டுகளும் கிடைத்தன. தரையில் பொருத்தி வைத்தபோது நடுவில் இரண்டு வரி இல்லை. ஆனால் ஆர்க்டோஸ் இருந்தது, கரடி இருந்தது, ஏழு நட்சத்திரம் இருந்தது. அத்தை அதைப் பழைய அட்டை ஒன்றில் ஒட்டிக் காயவைத்தார்.

மறுநாள் ஆசிரியர் அறைக்கு இரண்டு பேரும் போனோம். டீச்சர் அட்டையைத் தூரத்தில் பிடித்து வாசித்தார். முகம் ஒரு கணம் மாறியது. பிறகு செல்வியின் கட்டுரையை எடுத்து இரண்டையும் ஒப்பிட்டார்.

"சரி. கரடி இருக்கு. ஆனா வாடையப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே. அது எங்க பாத்து எழுதுன?"

"அது எங்கயும் பாக்கல டீச்சர். நானா நெனச்சது."

"நீயா நெனச்சியா" என்றார் டீச்சர். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துப் புன்னகை செய்தார். "பேரெல்லாம் விருதுநகருக்குப் போயாச்சு. இனிமே மாத்த முடியாது. போ, நல்லாப் படி." செல்வி அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். நானும் திரும்பினேன். அப்போதுதான் டீச்சர் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "எஸ்தர், அந்தக் கரடி விஷயமும் வாடை விஷயமும் நல்லா இருக்கு. உன் பேச்சுல சேத்துக்க" என்றார்.

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ அநியாயங்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தைப் போல ஒன்றை அதற்கப்புறம் கேட்டதில்லை. திருடியது என்று சொல்லி ஒருத்தியிடமிருந்து பிடுங்கி, இன்னொருத்தியின் கையில் கொடுத்து, வைத்துக்கொள் என்கிறார். அதைத் தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவர் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எங்களுக்கு வசனங்கள் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

வீட்டில் அம்மாவிடம் அழுதேன். அம்மா நல்லவர்தான், துத்தத்தில் வெந்த செல்வியின் கைக்கு எத்தனையோ தடவை மருந்து போட்டவர். அவரும் சொன்னது இதுதான்: "நீ போகலன்னா அவளையா அனுப்பப்போறாக? வாரா வாரம் கோயில்ல அவுக முகத்துல முழிக்கணும் நாம. பேசாமப் போயிட்டு வா." நான் போனேன். அம்மா மேல் பழி போட இதை எழுதவில்லை. பதினான்கு வயதில் வாய் இல்லாமல் போய்விடவில்லை எனக்கு, இருந்ததை மூடிக்கொண்டேன்.

விருதுநகரில் ஒரு பெரிய மண்டபம். முன்வரிசையில் டீச்சர். "இந்தப் பொருளைக் கண்டு எனக்குச் சொன்னவள் என் வகுப்புத் தோழி" என்று ஒரு வரி பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்தேன். கரடி வந்தது, ஏழு நட்சத்திரம் வந்தது, அந்த வரி வரவேண்டிய இடத்தில் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன், தாண்டிப் போய்விட்டேன். வாடையைச் சொன்னேன். இரண்டு பேருமே குளிருக்குப் பெயர் வைக்கவில்லை, அது எங்கிருந்து வருகிறது என்பதற்குத்தான் வைத்தார்கள் என்று சொன்னபோது மண்டபம் கைதட்டியது. நடுவர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "வாடைக்குச் சொன்ன விளக்கம் நீயே யோசிச்சதாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் சந்தேகப்படவே இல்லை. நீயா யோசித்தாய் என்று என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நர்ஸின் மகள் யோசிப்பாள் அல்லவா? முதல் பரிசு கொடுத்தார்கள்.

செல்வி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். "கைதட்டுனாகளா?" என்று மட்டும் கேட்டாள். "தட்டுனாங்க" என்றேன். "ம்" என்று பையை வாங்கிக்கொண்டு கூட நடந்தாள். முழுப்பரீட்சை எழுதினாள், எல்லாப் பாடத்திலும் தேறினாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பஸ்ஸில் நான் தனியாகப் போனேன். அவளைக் காலையில் கம்பெனி வேன் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

இப்போது நாரணாபுரத்துக்குப் போனால் வாசல்களில் குழாய் காய்வதில்லை. குழாயை இயந்திரம் சுற்றித் தள்ளிவிடுகிறது. பசைக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இல்லை. யூனிபாரம் போட்டுக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். அச்சகத்துத் தாள்களை யாரும் சுற்றிச் சுற்றி நடந்து வாசிப்பதில்லை. அந்தத் தெருவே போய்விட்டது என்று நினைத்து ஏங்க எனக்கு ஒன்றுமில்லை, போனது போகவேண்டியதுதான். அந்த டீச்சரும் போய்விட்டார். ஊரே திரண்டு நல்லடக்கம் செய்ததாம், நான் போகவில்லை.

போன மாசியில் எம். புதுப்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் செல்வியைப் பார்த்தேன். கம்பெனியில் பாக்கிங் பகுதிக்கு அவள்தான் பொறுப்பாம். மகனுக்குக் கல்யாணமாகிவிட்டது. நான் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். பந்தியில் சோற்றுக்குக் காத்திருந்தபோது, முப்பது வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் போயிருக்கக்கூடாது, பேசியிருக்கக்கூடாது, மன்னித்துவிடு என்று.

அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டேன் என்பாள், அதெல்லாம் என்ன இப்போது என்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தான் இந்த மாதிரிக் கதைகளில் சொல்வார்கள்.

"நீ போனது தப்பில்ல எஸ்தரு" என்றாள். "நான் நெனச்சத நாலு பேரு கேட்டாக, அதுவும் தப்பில்ல. எம்பேரச் சொல்லாம வந்த பாரு, அதுதான் தப்பு. அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல அதக் கேக்கத்தான் நின்னேன். உம்மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு, கேக்கல."

"மன்னிச்சிரு செல்வி."

"மன்னிக்கிறது கெடக்கட்டும். நீ டீச்சர்தான, எம்புட்டுப் பிள்ளைகளுக்கு இதச் சொல்லியிருக்க?"

ஒவ்வொரு வருஷமும் சொல்லியிருக்கிறேன். வாடை என்ற சொல் வரும்போதெல்லாம் வானத்தைப் பார்த்தவர்களையும் திசையைப் பார்த்தவர்களையும் சொல்லி, மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். ஒரு தடவைகூட யார் சொன்னது என்று சொன்னதில்லை. விருதுநகரில் ஒரு நாள் நடந்தது என்று நான் நினைத்திருந்த திருட்டு, என் வகுப்பறையில் இருபது வருஷமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வாடைக்கான இந்த விளக்கத்தை நீங்கள் எங்கேயாவது கேட்டிருந்தால், என் மாணவர்கள் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது என்னுடையது அல்ல. நாரணாபுரம் மாரியம்மாளின் மகள் தமிழ்ச்செல்வி யோசித்தது. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.